பன்னிரண்டு முனை

எனக்கும் த்ரஹோமீராவுக்கும் பொதுவாக இருந்தது
பதினைந்து சென்டிமீட்டர் கான்கிரீட்.
அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது.
மூன்று குளிர்காலம்
அந்தப் பக்கம் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது.
எலி என்றுதான் நினைத்தேன்.
மருந்துகூட வைத்தேன்.

பிர்னோவில், லெஸ்னா மேட்டில்,
பெட்டிமேல் பெட்டியாய் எங்கள் குடியிருப்பு.
ஏழு மாடி. லிஃப்டில் ஏறினால்
எல்லோருக்கும் பூட்ஸ் நுனி சுவாரசியமாகிவிடும்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு
அவள் கதவுக்கு வெளியே ஒரு கூர் நீண்டது.
பிறகு இன்னொன்று.
குழந்தையை வெளியே எடுப்பதுபோல்
முனை முனையாகத் திருப்பி
ஒரு நட்சத்திரத்தைப் பிரசவித்துக்கொண்டிருந்தாள்
ட்ராம் ஓட்டும் அந்த அம்மாள்.

காலாவதியான கால அட்டவணை அட்டைகள்.
அறுபது முக்கோணம். பன்னிரண்டு முனை.
ஒரு முனையில் 5.14, 5.29, 5.44,
இன்னொன்றில் ஞாயிறு மட்டும்.
பணிமனைக் கூரையில் தொங்கவிடப் போகிறாளாம்.
லிஃப்ட் வாயைத் திறந்து பார்த்தது;
விழுங்க முடியாதென்று மூடிக்கொண்டது.

"பிடிங்களேன்" என்றாள்.
மூன்று குளிர்காலத்தில் முதல் சொல்.

ஆறாம் மாடியில் ஹ்ரூபி, முகத்தில் சவர நுரையோடு.
ஐந்தில், எங்கள் எல்லோர் மேலும்
புகார் எழுதிப்போட்ட கோட்டாசோவா.
அவளும் ஒரு முனை பிடித்தாள்,
புகாருக்கு ஆதாரம் சேர்ப்பவள்போல.

நான்காம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியபோது
த்ரஹோமீரா சொன்னாள்:
உள்ளே இருப்பது பன்னிரண்டு முகக் கட்டி.
முகம் ஒவ்வொன்றையும் அது கிடக்கும் தளத்திலேயே
நாலாபக்கமும் நீட்டிக்கொண்டே போக வேண்டும்.
வளைக்கக் கூடாது.
தொட்டுக்கொண்டிருந்தவை விலகும்,
தொடாதவை வெளியே போய்ச் சந்திக்கும்.
சந்திக்கும் இடம் கூராகும்.
எட்டு முகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் எட்டும்.
இதற்கு மூன்று. இது முதலாவது.

"நம்ம வீட்டை நீட்டினால்?" என்றான் ஹ்ரூபி.

கனசதுரமா, என்று சிரித்தாள்.
ஆறுமுகம் இருந்தென்ன?
எதிரெதிர்ச் சுவர்கள் உலகம் முடியும்வரை இணை.
அடுத்த சுவரைத் தொட்டதெல்லாம் வீட்டு மூலையிலேயே;
அதற்கப்பால் புதிதாய் ஒரு சந்திப்பும் இல்லை.
அதற்கு நட்சத்திரம் கிடையாது.

ஒருவரும் பேசவில்லை.
கோட்டாசோவா மட்டும் தன் முனையை
இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்றாம் மாடியில் கைப்பிடிக் கம்பியில் இடித்தேன்.
ஒரு நுனி மடங்கியது.
நான்தான். யாரிடமும் சொல்லவில்லை.
எல்லோரும் பார்த்தார்கள்.

தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும்
ஃபாம் குடும்பத்துப் பெண், பத்து வயதிருக்கும்,
சில்லறை ஒட்டும் டேப்போடு ஓடிவந்தாள்.
ஒட்டிவிட்டுக் கேட்டாள்:
கடைசி முனையை மூடும்போது
உள்ளே கை விட முடியாதே, எப்படி ஒட்டினீர்கள்?

த்ரஹோமீரா அவளையே பார்த்தாள்.
மூன்று குளிர்காலமாக
இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள் மாதிரி இருந்தது.
"விளிம்பில் பசை தடவி மேலே வைத்தேன்.
நாற்காலியில் உட்கார்ந்து
ராத்திரி முழுக்க நம்பினேன்."

வெளியே பனி. கடன்வாங்கிய வேன்.
பின்கதவு சாத்தவில்லை, ஒரு முனை வெளியே.
அதில் சிவப்புத் துணி கட்டினான் ஹ்ரூபி,
நுரை காய்ந்து முகம் வெடித்திருந்தது.

திரும்பும்போது எல்லோரும் லிஃப்டில் ஏறினோம்.
பூட்ஸ் நுனியையே பார்த்தோம்.
கோட்டாசோவா ஐந்தில் இறங்கினாள்,
"சரி" என்றாள்.
எதற்கு என்று தெரியாது.

இருபது முகத்துக்கு ஐம்பத்தொன்பது வடிவமாம்.
நேற்றிரவு மறுபடி கத்தரிக்கோல்.
எலிமருந்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.
அன்று வேர்த்த உள்ளங்கையில் அச்சாகியிருந்த
தலைகீழ் 5.14
சோப்புக்குப் போக இரண்டு நாளானது.